சமையல்கட்டு டாரட்: 78 சீட்டிலும் நம்ம ஊர் வீடு, யோசனை சொல்லுங்கள்

பரண், தர்மபுரி

வணக்கம். படம் வரைவது என் வேலை. இப்போது ஒரு டாரட் சீட்டுக்கட்டு வரையத் தொடங்கியிருக்கிறேன். ராஜாவும் கோட்டையும் இருக்கும் இடத்தில் நம் பக்கத்து வீடு வரும். 1980களின் வீடு: எவர்சில்வர் பாத்திரம், திரி ஸ்டவ், டால்டா டப்பாவில் துளசிச் செடி, சுவரில் சிவகாசி காலண்டர். பார்த்ததும் சிரிப்பு வர வேண்டும், சிரித்த கையோடு "இது எங்க வீடுதான்" என்று தோன்ற வேண்டும்.

அமெரிக்காவில் 1950களின் பத்திரிகை விளம்பரப் பாணியில், ஏப்ரன் கட்டிச் சிரிக்கும் இல்லத்தரசிகளை வைத்து இப்படி ஒரு கட்டு வந்திருக்கிறது. பார்த்து ரொம்ப ரசித்தேன். ஆனால் அந்த வீட்டில் களிச் சட்டி இல்லை. நமக்கு நம்முடையது வேண்டும்.

டாரட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேல்நாட்டில் ஜோசியம் பார்க்க எடுக்கும் படச் சீட்டுக்கட்டு இது. மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள்: மந்திரவாதி, வலிமை, மரணம், சூரியன், உலகம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் படமும் உண்டு. மீதி 56 சின்னச் சீட்டுகள், கோல், கிண்ணம், வாள், காசு என்று நாலு வகை, வகைக்கு 14. என் கணக்கில் கோல் என்றால் களி கிண்டும் துடுப்பு, கிண்ணம் என்றால் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர், வாள் என்றால் அரிவாள்மனை, காசு என்றால் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்த சிறுவாட்டுக் காசு.

வரைந்து முடித்தவற்றில் சில சொல்கிறேன். வலிமைச் சீட்டில் பழைய படத்தில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் மூடுவாள். என் சீட்டில் அம்மா பிரஷர் குக்கர் மூடியை அழுத்தி மூடுகிறார். முகத்தில் அதே அமைதி. குக்கரைச் சுற்றிக் கிளம்பும் ஆவியைத்தான் பிடரி மயிராக வரைந்திருக்கிறேன். நிதானம் என்ற சீட்டில் ஒரு தேவதை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றும். இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, காபி ஆற்றுவதுதான். பெரியம்மா ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றுகிறார், ஒரு சொட்டு சிந்தவில்லை. மந்திரவாதிக்கு ஒரு கை மேலே, ஒரு கை கீழே, எதிரே மேசையில் நாலு வகைச் சின்னமும் இருக்கும். நம் வீட்டு மந்திரவாதியின் மேல் கை அலமாரி உச்சியில் வெல்ல டப்பாவைத் துழாவுகிறது, கீழ்க் கை குழம்பைக் கிளறுகிறது, பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டரை. மேடையில் துடுப்பு, டம்ளர், அரிவாள்மனை, காசு நாலும் இருக்கின்றன.

மற்றவற்றுக்கு உங்கள் வீட்டு ஞாபகங்கள் வேண்டும்.

கம்பங்கூழ், பாலக்கோடு

அக்கா, சூப்பர். முதலில் துறவி. கையில் விளக்கோடு தனியாக நிற்கும் கிழவர்தானே அது? கரண்ட் போன ராத்திரி, லுங்கியும் அரிக்கேன் விளக்குமாக ஃப்யூஸ் கட்டை தேடும் அப்பா. பின்னால் இருட்டில் நாலு குரல்: "இன்னுமா கட்டலை?"

அதிர்ஷ்டச் சக்கரத்துக்கு வேறு எதையும் யோசிக்காதீர்கள். தக்காளி விலை. எங்கள் ஊர் மார்க்கெட்டில் ஒரு வருஷம் பறித்த கூலிக்குக் கூட ஆகாமல் ரோட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கடையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சக்கரத்தின் உச்சியில் தக்காளி கிரீடம் வைத்து உட்கார்ந்திருக்கட்டும், அடியில் புளி கைகட்டிக் காத்திருக்கட்டும். தக்காளி ஏறினால் எங்கள் வீட்டு ரசத்தில் புளிதான் கூடும்.

பிசாசுச் சீட்டுக்கு மாமியார். எல்லாரும் சிரிப்பார்கள்.

காரிமங்கலத்தான்

படங்கள் நன்றாக இருக்கின்றன, மறுக்கவில்லை. எனக்கு வேறு கவலை. ஏற்கெனவே ஊரில் கல்யாணத்துக்கு ஜாதகம், வீட்டுக்கு வாஸ்து, பெயருக்கு எண் கணிதம். இப்போது சீட்டும் வந்தால் பெண்பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் இதைப் பார்த்து முடிவு செய்ய ஒரு கூட்டம் கிளம்பும். திறமையுள்ள ஒரு கை அதற்கு உதவ வேண்டாமே என்றுதான் கேட்கிறேன்.

பாராமஹால், கிருஷ்ணகிரி

காரிமங்கலத்தார் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டாரட் பிறந்தது ஜோசியத்துக்காக அல்ல, ஆடுவதற்காக. சீட்டு விளையாட்டு ஐரோப்பாவுக்கு 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் மம்லூக் அரசு இருந்த பக்கத்திலிருந்து போனது. அந்தச் சீட்டிலேயே கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை என்று நாலு வகை இருந்தது. போலோ தெரியாத இத்தாலிக்காரர்கள் மட்டையைக் கோலாக்கிக்கொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் மிலான் போன்ற வட இத்தாலிய அரண்மனைகளில் இதோடு படச் சீட்டுகளைச் சேர்த்து ஒரு துருப்பாட்டம் ஆடினார்கள். அதுதான் டாரட். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் அதை ஆட்டமாக ஆடுகிறார்கள்.

எதிர்காலம் சொல்லும் பேச்சு பரவியது ரொம்பப் பிந்தி, 18ஆம் நூற்றாண்டு பிரான்சில். 1781இல் கூர் தெ ழெபலின் என்பவர் இவை பழைய எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஏடு என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் ஒருவரும் இல்லை, ஷாம்போலியோன் வாசித்துக் காட்டியதே 1822இல்தான். ஆதாரமே இல்லாத அந்தப் பேச்சுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

நமக்கும் சீட்டு புதிதல்ல. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் சேர்ந்த பாராமஹால் 1792 வரை மைசூரின் கையில் இருந்தது. அதே மைசூரில் 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கஞ்சிஃபா என்ற சீட்டாட்டத்தில் எத்தனையோ புது வகைகளை வகுத்தார். வட்டச் சீட்டு, கையால் வரைந்த சாமி உருவங்கள். ஆகவே பரண் செய்வது ஓர் ஆட்டச் சீட்டு என்று பெட்டியிலேயே எழுதிவிடலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன்.

அரூர் டீச்சர்

எனக்கு ஜோசியத்தைவிடச் சிரிப்பு பற்றித்தான் கவலை. யாரைப் பார்த்துச் சிரிக்கப்போகிறோம்?

வீட்டைப் பற்றிய சிரிப்பு நம் ஊரில் எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். கொடுமைக்கார மாமியார், சேலை கேட்டு நச்சரிக்கும் பெண்டாட்டி, உப்பு போட மறந்த மருமகள். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 கூட வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. ஒன்றுமே செய்யாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1980களில் மிக்ஸி இல்லாத, கேஸ் இல்லாத, குழாய் இல்லாத வீட்டில் இது எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்கல்லைப் பார்த்து "அந்தக் கால ருசியே தனி" என்று சொல்கிறவர்களில் அதைச் சுற்றியவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்கக் கட்டு எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கவனியுங்கள். இந்தச் சோப்பு வாங்கினால் நீ சந்தோஷமாக இருப்பாய் என்று பெண்ணிடம் சொன்ன விளம்பரத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. அந்தப் பெண் அதில் நம் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கிறவள். பரண் செய்கிற சீட்டிலும் அவள்தான் சிரிக்கிறவளாக இருக்க வேண்டும்.

அதனால் பிசாசு மாமியார் வேண்டாம். பழைய படத்தில் பிசாசின் காலடியில் ஓர் ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு நிற்பார்கள். சங்கிலி தளர்வாகத்தான் இருக்கும், நினைத்தால் தலைவழியாகக் கழற்றிவிடலாம். நம் வீட்டில் அந்தப் பிசாசு யார்? "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறோமே, அந்த நாலு பேர். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நாலு தலை எட்டிப் பார்க்கட்டும். உள்ளே நிற்கும் மாமியார், மருமகள் இரண்டு பேர் கழுத்திலும் சங்கிலி.

கம்பங்கூழ், பாலக்கோடு

டீச்சர், நாலு தலை அருமை. ஆனால் மாமியார் ஜோக்குக்கு எங்கள் வீட்டில் முதலில் சிரிப்பது பாட்டிதான். எல்லாமே பாடமாக வேண்டுமா?

பரண், தர்மபுரி

பாடமாக்க மாட்டேன் தம்பி. ஆனால் டீச்சர் சொன்ன நாலு தலையை நேற்றே பென்சிலில் போட்டுவிட்டேன், எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. நாலில் ஒரு தலைக்கு எங்கள் தெரு முனைக்காரர் மீசை. பாட்டிக்கு வேறு இடம் தருகிறேன்: பேரரசர் என்ற நாலாம் சீட்டு. கல் சிம்மாசனத்தில் தாடியோடு இருப்பார் அவர். அங்கே அரிசி மூட்டை மேல் பாட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் செங்கோலாக ஊதாங்குழல். சிரிக்கவும் செய்யலாம், பயப்படவும் செய்யலாம்.

திண்ணைக்காரருக்கும் சீட்டு இருக்கிறது டீச்சர். கிண்ணத்தில் நாலு, அதாவது கிண்ண வகையின் நாலாம் சீட்டு: மரத்தடியில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மேகத்திலிருந்து ஒரு கை கிண்ணத்தை நீட்டும், அவர் அதைப் பார்க்கவே மாட்டார். நம் சீட்டில் பேப்பரில் முகம் புதைத்த சித்தப்பா, கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீட்டும் நாலாவது டம்ளர் டீ. முதல் மூன்றும் ஆடை படிந்து ஆறிக் கிடக்கின்றன. வாளில் இரண்டு, கண்ணைக் கட்டிய பெண் இரண்டு வாளைக் குறுக்கே பிடித்திருக்கும் படம். "இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" "எதையாவது வை." அவ்வளவுதான் அந்தச் சீட்டு.

இந்த வேலையை எடுத்தபோது ஒரு விஷயம் படித்தேன், அதை இங்கே சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுக்க டாரட் என்றாலே நினைவுக்கு வரும் படங்கள் 1909இல் லண்டனில் வந்தவை. கருத்து வெய்ட் என்பவருடையது, வெளியிட்டது ரைடர் நிறுவனம், அதனால் ரைடர்-வெய்ட் சீட்டு என்றே பெயர் நிலைத்தது. 78 படத்தையும் வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அதற்கு முன்பு வந்த பெரும்பாலான கட்டுகளில் சின்னச் சீட்டு என்றால் மூன்று கிண்ணம், ஏழு வாள் என்று வெறும் சின்னம் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றிலும் மனிதரை வைத்து ஒரு காட்சி வரைந்தவர் அவர். நான் இப்போது சொன்ன மரத்தடி மனிதரும் கண் கட்டிய பெண்ணும் அவர் கையில் பிறந்தவர்கள். பெரிய வேலை ஒன்றை முடித்தேன், காசு ரொம்பக் குறைவு என்று அந்த வருஷமே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். 1951இல் கடனோடு இறந்தார். இப்போதுதான் நிறையப் பேர் ஸ்மித் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். வேலை ஒருவருடையது, பெயர் மற்றவர்களுடையது. வீட்டைப் பற்றிய சீட்டுக்கு இவரிடமிருந்துதான் கோடு எடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவர் பெயர் என் பெட்டியின் முகப்பில் இருக்கும்.

ஓசூர் ஷிப்ட்

ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து முழுக்கப் படித்தேன். வகைக்கு 14 என்றால் பத்து எண்ணுக்கு மேல் நாலு ஆட்கள் வர வேண்டும்: ஏவலாள், குதிரை வீரன், ராணி, ராஜா. குதிரை வீரனைப் பற்றி யாரும் பேசவில்லையே! எங்கள் ஊர்க் குதிரை இருக்கிறதே, டிவிஎஸ் 50. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து வந்தது, இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும் முதல் மொபெட். நாலு வீரருக்கும் நாலு வண்டி வரையுங்கள். துடுப்பு வீரன் விறகுக் கட்டோடு. டம்ளர் வீரன் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க. அரிவாள்மனை வீரன் முன்னால் வாழைத்தார் வைத்து. காசு வீரன், மாமனார் வீட்டுக்கு முதல் தீபாவளிக்குப் போகும் புது மாப்பிள்ளை, பின்னால் மனைவி, மடியில் ஸ்வீட் பாக்கெட், கழுத்தில் மஃப்ளர். மேட்டில் ஏறும்போது பெடல் போட வேண்டும், அதை மறக்காமல் வரையுங்கள்.

மின்னல் விழும் கோபுரம் இருக்கிறதே, அது டிவி ஆன்டெனா. எங்கள் பக்கம் பெங்களூரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். மாடியில் அண்ணன், ஜன்னலில் தங்கை, "வந்துச்சா?" "வந்துருச்சு... போச்சு!"

மரணச் சீட்டுக்கு எங்கள் அம்மா சொன்னது. அந்தச் சீட்டுக்குச் சாவு என்று அர்த்தமில்லை, ஒன்று போய் இன்னொன்று வருவது என்று அவரிடம் படித்துக் காட்டினேன். "அப்போ பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்தான்" என்றார். வாசலில் கூடையோடு பாத்திரக்காரர், அம்மா கையில் புது எவர்சில்வர் போசி, உள்ளே தன் ராசியான சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் அப்பா.

பென்னாகரத்தி

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காசு வகையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிறுவாட்டுக் காசு சரிதான். ஆனால் கடுகு டப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காசு டப்பாவை விட்டு வெளியே வந்தது இந்த மாவட்டத்தில்தான். 1989இல் ஐக்கிய நாடுகளின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் இதற்குள்தான், 2004இல்தான் தனி மாவட்டமானது. ஒளித்து வைத்த காசைப் பாயில் வட்டமாக உட்கார்ந்து எல்லார் கண் முன்னாலும் எண்ணிப் புத்தகத்தில் எழுதியது பெரிய விஷயம். கையெழுத்துப் போட அங்கேதான் நிறையப் பேர் கற்றுக்கொண்டார்கள். என் அத்தையும் அதில் ஒருவர். காசில் மூன்றோ பத்தோ, ஏதோ ஒன்றில் அந்தப் பாய் வேண்டும். சிரிப்புக்கும் அங்கே பஞ்சமில்லை. கூட்டம் எப்போது முடியும் என்று வாசலில் தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கும் வீட்டுக்காரர்கள், அவர்களுக்கு அவசரமாக 200 ரூபாய் வேண்டும், கேட்கப் பயம்.

காசு வகையின் ஏவலாள் சீட்டு, புளி தட்டும் வீட்டுச் சின்னப் பெண். எங்கள் பக்கம் மாசி பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி மூட்டை இறங்கும். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் எடைக்குக் கூலி. அவள் கையில் காசுக்குப் பதில் ஒரே ஒரு புளியங்கொட்டை, பல்லாங்குழிக்குத் திருடியது. காசு ராணி 2023இல் வரட்டும். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை அந்த ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் தொப்பூரில். மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறுகிறது, போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டு வீட்டில் எல்லாத் தலையும் திரும்புகிறது. 1980கள் என்று வைத்திருக்கிறீர்கள், தெரியும். இந்த ஒரு சீட்டுக்குக் காலத்தைத் தாண்டி வரலாம்.

அப்புறம் நட்சத்திரம். பமீலா வரைந்த படத்தைத் தேடிப் பார்த்தேன். நீர்நிலை ஓரம் ஒரு பெண், இரண்டு குடம், ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றை மண்ணிலும் ஊற்றுகிறாள். நம்பிக்கைச் சீட்டாம். இரண்டு குடம் என்றதும் எனக்கு வேறென்ன நினைவு வரும்? இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. எங்கள் வயதுக்காரர்கள் சிரிக்கும்போது வாயை முந்தானையால் மூடுவது வெட்கத்தால் அல்ல, பல்லில் இருக்கும் பழுப்புக் கறைக்காக. சிலருக்கு முட்டியும் முதுகும் மடங்காது. காவிரி ஒகேனக்கல்லில் கொட்டுகிறது, பக்கத்து ஊரில் போர்வெல் தண்ணீரைக் குடித்து எலும்பு கெட்டது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறந்த பிறகுதான் அருவித் தண்ணீர் ஊர்களுக்கு வந்தது. நட்சத்திரச் சீட்டில் தெருக் குழாயும், வரிசையில் பிளாஸ்டிக் குடங்களும், குடத்துக்கு இடம் பிடிக்க வைத்த செங்கல்லும் இருக்கட்டும். குழாயடிச் சண்டையையும் சிரிக்க வரையுங்கள். ஆனால் நடுவில் இருக்கும் பெண் வாயை மூடாமல், பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

பரண், தர்மபுரி

அக்கா, நட்சத்திரத்தை நீங்கள் சொன்னபடியே வரைகிறேன். கறை படிந்த பல்லை மறைக்காமல் வரைகிறேன். காசு ராணியும் போனோடு வருவார். விறகு பற்றியும் ஒன்று: கோலில் பத்து என்பது முதுகு வளையப் பத்துக் கட்டையைச் சுமந்து போகும் மனிதர். அதை மாற்றவே தேவையில்லை, காட்டு விறகைத் தலையில் ஏற்றி இறங்கி வரும் பெண் அப்படியே இருக்கிறாள். அதில் மட்டும் சிரிப்பு வைக்கவில்லை.

அச்சுக்கூடம், கிருஷ்ணகிரி

அச்சு வேலை செய்கிறவன் என்பதால் சில நடைமுறை விஷயம். டாரட் சீட்டு வழக்கமான ரம்மி சீட்டைவிடப் பெரியது, 70க்கு 120 மில்லிமீட்டர். சின்னக் கையில் கலைக்கக் கஷ்டம், அதனால் அட்டை ரொம்பத் தடிமனாகப் போக வேண்டாம், 300 ஜிஎஸ்எம் பக்கம் இருந்தால் போதும். பளபள லேமினேஷன் போட்டால் வழுக்கும், விரல் ரேகையும் தெரியும். மேட் போடுங்கள். பாராமஹால் ஐயா சொன்ன வட்டச் சீட்டு பார்க்க அழகு, ஆனால் ஓரம் வெட்டச் சேதாரம் அதிகம், கலைப்பதும் சிரமம்.

ரெட்ரோ என்று சொல்லிப் படத்தில் பழுப்பு அழுக்கைத் தடவுகிறார்கள் பலர். தயவு செய்து அது வேண்டாம். 80களில் நம் வீட்டில் எதுவும் பழுப்பாக இல்லை. காலண்டர் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் போட்ட ரோஸ், நீலம், பொன் மஞ்சள், அதைப் பாருங்கள். தீப்பெட்டி லேபிளில் இருக்கும் அழகு வேறு. இரண்டு மூன்று நிறம்தான், ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அச்சேறும், சிவப்பு கோட்டை விட்டு ஒரு நூல் தள்ளி விழும். அந்தத் தள்ளலைக் கம்ப்யூட்டரில் செய்தால் எல்லாச் சீட்டிலும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளி, பொய்யாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் கையால் நகர்த்துங்கள்.

சீட்டின் பின்புறம் எல்லாவற்றிலும் ஒன்றாக, தலைகீழாகப் பிடித்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புள்ளிக் கோலம் அதற்கென்றே பிறந்தது. டிவி விளம்பரத்தில் வந்த கொம்பு வைத்த பிசாசையோ சோப்பு டப்பாப் படத்தையோ அப்படியே எடுக்காதீர்கள், அவை இன்னொருவர் உரிமை. பமீலா படங்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன, அவற்றிலிருந்து தாராளமாக எடுக்கலாம்.

காரிமங்கலத்தான்

ஆட்டச் சீட்டு என்று பெட்டியில் போடுவது சரி. ஆனால் என்ன ஆட்டம்? விதி இல்லாவிட்டால் வாங்குகிறவர் மறுபடியும் ஜோசியத்துக்குத்தான் போவார்.

கம்பங்கூழ், பாலக்கோடு

விதி நான் சொல்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லாரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த சீட்டில் என்ன வேலை இருக்கிறதோ அது நாளைக்கு உங்கள் வேலை. வலிமை வந்தால் குக்கர் வைக்க வேண்டும். நிதானம் வந்தால் காலை காபி. நட்சத்திரம் வந்தால் தண்ணீர். கிண்ணத்தில் நாலு வந்தவர் ஆறிப்போன டம்ளர்களைக் கழுவ வேண்டும். மாற்றிக்கொள்ளக் கூடாது, அம்மாவிடம் தள்ளிவிடக் கூடாது. எதிர்காலம் சொல்லும் சீட்டுதான், ஆனால் ஒரே ஒரு நாளுக்கு, அதுவும் கட்டாயம் பலிக்கும்!

பரண் அக்கா போட்ட படங்களைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வீட்டில் ஆடினோம். அப்பாவுக்கு வலிமை வந்தது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுக்கு உள்பக்கம் எது?" என்றார். பாட்டி சிரித்து இருமி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அரூர் டீச்சர்

தம்பி, எல்லாமே பாடமாக வேண்டுமா என்று நீங்கள் கேட்டதற்குப் பாட்டியே பதில் சொல்லிவிட்டார். இந்த விதியைப் பெட்டிக்குள் ஒரு தாளில் தனியாக அச்சிட வேண்டும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வருஷக்கணக்கில் அந்த வேலையைச் செய்தவர் அன்றைக்குச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. கலைக்கிறவர் அவர்.

பென்னாகரத்தி

எங்கள் குழுவுக்கு ஒரு கட்டு இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அத்தை கேட்கச் சொன்னார்: உலகம் என்ற கடைசிச் சீட்டு என்ன?

பரண், தர்மபுரி

வாசல் கோலம் அக்கா. மூலத்தில் ஒரு மாலைக்குள் ஒருத்தி ஆடுவாள், நாலு மூலையில் மனிதன், கழுகு, காளை, சிங்கம். இங்கே மார்கழிக் கோலத்தின் நடுவில் அரிசி மாவுக் கிண்ணத்தோடு அம்மா, நாலு மூலையில் பள்ளிக்கூடப் பையன், காக்கா, பசுமாடு, சிங்கத்துக்குப் பூனை. நாலும் கோலத்தை மிதிக்கக் காத்திருக்கின்றன. சூரியன் சீட்டு மொட்டை மாடியில் மாங்காய் காயப்போட்டிருக்கும் கிருஷ்ணகிரி வீடு, குச்சியோடு காவல் உட்கார்ந்து பாதியைத் தின்றுவிட்ட குழந்தை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அரிவாள்மனையில் ஒன்பதும் பத்தும். ஒன்பதில் நடுராத்திரியில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒருவர். பத்தில் முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கும் ஒருவர். இரண்டையும் சிரிப்பாக்க எனக்கு வழி தெரியவில்லை.

பாராமஹால், கிருஷ்ணகிரி

ஒன்பது சுலபம். மணி இரண்டு. வீடே தூங்குகிறது. "இட்லிக்கு உளுந்து ஊறப் போட்டேனா?"

காரிமங்கலத்தான்

பத்துக்கு நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அடுப்பு துடைத்து, அம்மா அப்போதுதான் தரையில் முந்தானையை விரித்துக் குப்புறப் படுத்தார். வாசலில் பத்து ஜோடிச் செருப்பு.

பரண், தர்மபுரி

காரிமங்கலத்தாரே, அதேதான்! பத்து ஜோடியும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஹவாய், டயர் செருப்பு, பையனுடைய கான்வாஸ் ஷூ வரைக்கும் வந்துவிட்டேன். 80களில் வேறு என்னென்ன போட்டார்கள்? பழைய போட்டோ வைத்திருப்பவர்கள் கால் பக்கம் மட்டும் வெட்டிப் போடுங்கள்.